மைனா வாலாட்டியது யாருக்கு?

நாயோட வாய்நாத்தம் எப்படி இருக்கும்னு தெரியாதவங்க குடுத்து வச்சவங்க. எனக்குத் தெரியும். அந்தக் கறுப்புப் பொட்டை நாய் என் முழங்காலை மோந்து பார்த்துட்டு, எச்சி வடிய அண்ணாந்து ஒரு கொட்டாவி விட்டுச்சு பாருங்க. காலையில புதூர்ல தின்ன பூரி தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு.

"ச்சீ, த்தூ! மரியாதை கெட்ட நாயா இருக்கேக்கா. மூஞ்சிக்கு நேரா கொட்டாவி விடுது."

"அதுக்கு வாரது தூக்கம் இல்லலே, பயம்," ன்னா பாண்டிச்செல்வி அக்கா. "பனைமரம் கணக்கா அது மேல குனிஞ்சுக்கிட்டு, கண்ணை வேற மொறைச்சுப் பார்க்க. அது என்ன செய்யும்? 'சண்டை வேண்டாம்ப்பா'ன்னு கொட்டாவி விடுது. சைடு வாங்கி நில்லு."

நாய்க்குச் சைடு வாங்கி நிக்கதுக்கா எங்கம்மா என்னைப் பெத்தா? ஆனாலும் நின்னேன். அக்கா சொன்னா நிக்கணும். அதுக்குத்தான் சம்பளம்.

கோவில்பட்டியில கடலைமிட்டாய்க் கடை மாடியில இருக்கிற துப்பறியும் ஆபீஸ் அக்காவோடது. அதுக்கு முன்னாடி மாட்டு இன்சூரன்ஸ்ல கள்ள கிளெய்ம் பிடிக்கிற வேலை. செத்த மாட்டுக் காதை அறுத்துட்டு வந்து நீட்டுத ஆளுககிட்ட வருசக்கணக்கா மல்லுக்கட்டுனதுல, மனுசன் பேச்சை நம்புறதையே விட்டுட்டா. வாலாட்டுதேன்னு ஒரு தொழுவுல நாய் கிட்டப் போயி, தொடையில சதையோட கடி வாங்கி, அதுல இருந்து நாயை ஒரு புஸ்தகம் மாதிரி உத்துப் பார்க்கிற பழக்கமும் வந்துருச்சு. நான் வெயிலுமுத்து, அசிஸ்டெண்டு. தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து நாத்தம் தாங்காம ஓடியாந்தவன். இங்க வந்து ஆட்டுப் புழுக்கைக்கும் நாய் எச்சிக்கும் நடுவுல நிக்கேன். என் நேரம்.

விஷயம் இதுதான். நாங்க வந்து நிக்கிற ஊர்க் காளியம்மனுக்கு ஒரு தங்க அட்டிகை உண்டு. கோயில்ல வைக்க மாட்டாங்க. ஒரு கொடைத் திருவிழா முடிஞ்சா அடுத்த கொடை வரைக்கும் ஒரு வீடுன்னு முறை வச்சுக் காப்பாத்துவாங்க. இந்த வருசம் ஜெயபாண்டி வீட்டு முறை. காடு கரை வச்சு வெள்ளாமை பண்ணுத பெரிய சம்சாரி, ஊருக்கே அண்ணாச்சி. முந்தாநாள் மத்தியானம் பீரோவுல இருந்த அட்டிகையைக் காணோம். வீட்டுப் பின்பக்கத்து கேமராவுல திருடன் வந்தது பதிஞ்சிருக்கு. தலையில ஹெல்மெட்டு, கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் மழைக்கோட்டு. மழையைக் கண்ணுல பார்க்காத ஊர்ல மழைக்கோட்டு! மூஞ்சியும் தெரியல, முதுகும் தெரியல.

ஆனா ஊருக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. காரணம் மைனா. அதான், எனக்குக் கொட்டாவி விட்ட நாய்.

மைனா கன்னி நாய், வேட்டைக்குப் பேர்போன சாதி. எங்க பக்கத்துல கன்னி நாயைக் காசுக்கு விக்க மாட்டாங்க. கேட்டவங்களுக்குக் குட்டியாச் சும்மா குடுப்பாங்க. சரியா வளக்கலைன்னா குடுத்தவன் வந்து திருப்பிக் கேக்கலாம். கேட்டா பதில் பேசாம குடுத்துறணும், அது ஊர்க்கட்டு. மைனாவைக் குட்டியில குடுத்தது மாயகிருஷ்ணன். அறுவடை முடிஞ்ச கரிசக்காட்டுல உரத்துக்காக ஆட்டை மடக்கிக் கிடை போடுத ஆளு. கன்னி நாய் தன்னைக் குடுத்த கையை மறக்கவே மறக்காதுன்னு இங்க எல்லாரும் அடிச்சுச் சொல்லுவாங்க. வீடியோவுல மைனா திருடனைக் கடிக்கல. வாலை ஆட்டிச்சு. அப்புறம் மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டிச்சு. போதாதா? 'கிடைக்காரன்தான்'னு ஊரு தீர்ப்புச் சொல்லிருச்சு.

மாயகிருஷ்ணனை ஜெயபாண்டி வீட்டுப் பின்வாசல் வேலியோரம் தரையில உக்கார வச்சிருந்தாங்க. ரெண்டு தடியனுக காவல். மத்தியானத்துக்குள்ள அட்டிகை வரலைன்னா போலீஸ். கிடைக்காரனுக்குத் திருட்டுப் பட்டம் ஒருக்கா ஒட்டிக்கிட்டா போதும், எந்தச் சம்சாரியும் அவனைக் காட்டுக்குள்ள விடமாட்டான். ஆட்டை வித்துப்புட்டு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். அவரு மக உமாதேவி புதியம்புத்தூர்ல தையல் யூனிட்டுல வேலை பார்க்கிற பொண்ணு. லீவு போட்டுட்டு ஓடியாந்து எங்களைக் கூட்டிட்டு வந்திருந்தா.

"எங்கப்பா சாமி நகையைத் தொடுத ஆளு இல்லக்கா," ன்னா. "அவரு வாயைத் தொறந்து ஒண்ணுமே சொல்ல மாட்டேங்காரு. நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொல்லி யாரு கேக்கப் போறா? மைனாவைச் சொல்லச் சொல்லுவோம்," ன்னா அக்கா.

அந்த நேரம் பின்வாசல் கதவைத் தொறந்துக்கிட்டு ஜெயபாண்டி அண்ணாச்சி வந்தாரு. அந்த நாத்தக் காட்டுக்குள்ள ஒரு மனுசன் அவ்வளவு சுத்தமா இருக்க முடியும்னு நான் நினைக்கவே இல்ல. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, இடுப்புல அகலமான பச்சை பெல்ட்டு, நெத்தியில சந்தனம், மேல ஜவ்வாது வாசம். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

"வாங்கம்மா. வெயில்ல வந்திருக்கீக. தம்பிக்கு ஒரு கலரை ஒடைச்சுக் குடுங்க," ன்னாரு. ஐஸ் மாதிரி கலர் சோடா என் கைக்கு வந்துச்சு. ஒரே மடக்குல குடிச்சேன்.

"மாயகிருஷ்ணன் நம்ம வீட்டு ஆளு மாதிரி. ஏதோ புத்தி கெட்டுட்டான், விட்டுருங்கன்னுதான் நானும் சொல்லுதேன். ஊர் கேக்க மாட்டேங்குது. அன்னைக்கே 'மொதல்ல என் வீட்டைத் தேடுங்கய்யா'ன்னு எல்லா ரூமையும் தொறந்து விட்டேன். அரிசிப் பானை வரைக்கும் தேடிட்டாவ."

"நல்ல மனசு ஒங்களுக்கு," ன்னா அக்கா. குரல்ல ஒண்ணும் தெரியல.

"மைனாவைப் பாருங்க, என்னைக் கண்டா சிரிக்கும்!" ன்னு அவரு கையைத் தட்டினாரு. மைனா மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிச்சு. வேலிக்கு அங்கிட்டு நின்ன கூட்டம் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அக்கா மட்டும் நாயோட பின்னங்காலையே பார்த்துக்கிட்டு நின்னா.

அடுத்து வந்தான் சண்முகராஜ், அண்ணாச்சி மகன். முள்ளுத் தாடி, இரும்பு வளையம் வச்ச தோல் பெல்ட்டு. "யாரு இவிய? டிடெக்டிவா? வேற சோலி கிடையாதா?" ன்னு கேட்டுக்கிட்டே நாயோட தண்ணிச் சட்டியைத் தாண்டினான். மைனா 'உர்ர்'ன்னுச்சு.

நான் அக்கா காதுல சொன்னேன். "முடிஞ்சுது கேசு. நாய்க்கே இவனைப் பிடிக்கல. இவன்தான்."

"மொதல்ல வீடியோவைப் பாருலே. அப்புறம் மாலை போடலாம்."

ஊர்ல எல்லார் போன்லயும் அந்த வீடியோ இருந்துச்சு. உமாதேவி போன்ல பார்த்தோம். சத்தம் கிடையாது, படம் மட்டும்தான். மழைக்கோட்டு உள்ள வருது. மைனா எந்திரிக்குது. வால் ஆடுது.

"நிப்பாட்டு," ன்னா அக்கா. "வால் எங்கன இருக்கு?"

"பின்னாலதான்."

"அடி வாங்கப் போற. எவ்வளவு ஒசரத்துல?"

உத்துப் பார்த்தேன். வால் கொடிக்கம்பு மாதிரி மேல நின்னுச்சு. நுனி மட்டும் வெடவெடன்னு ஆடுது. உடம்பு கட்டை மாதிரி முன்னால சாஞ்சிருக்கு. வாய் மூடியிருக்கு. முதுகு மயிரு சிலுத்துக்கிட்டு நிக்குது.

"இதுக்குப் பேரு வாலாட்டுறது இல்ல. 'இன்னொரு அடி வச்சே, கொடலை எடுத்துருவேன்'னு சொல்லுது. ஆளு யாருன்னு அதுக்கு இன்னும் தெரியல. இப்ப ஓட்டு."

மழைக்கோட்டுக்காரன் கையைக் கோட்டுக்குள்ள விட்டு இடுப்புகிட்ட என்னமோ செஞ்சான். அவ்வளவுதான். மைனா அப்படியே மடங்குச்சு. காது பின்னால ஒட்டிருச்சு, வால் வயித்துக்குள்ள போயிருச்சு, நாக்கு மூக்கை நக்கி நக்கி எடுத்துச்சு. அப்புறம் மல்லாந்துச்சு.

"இதான் அந்தக் கொஞ்சல்," ன்னேன்.

"கொஞ்சுத நாய் பொரளும், நெளியும், வாய் தொறந்திருக்கும். இது பொணம் மாதிரி கிடக்கு. கீழ தரையைப் பாரு."

தரையில ஈரம் பரவுச்சு.

"மூத்திரமாக்கா?"

"மூத்திரம்தான்."

"உவ்வே."

"இப்பதான் அதுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச ஆளுதான் வெயிலு, ஆனா பிரியமான ஆளு இல்ல. இதை அடிச்சுக் கொல்லுத ஆளு."

அக்கா காவலுக்கு நின்ன தடியனுககிட்ட போயி, மாயகிருஷ்ணனைக் கொஞ்சம் பக்கத்துல வரச் சொன்னா. அவரு வரதுக்குள்ள அவரு மேல இருந்த ஆட்டுக் கவிச்சை வந்துருச்சு. நான் மூக்கைப் பொத்தினேன். ஆனா மைனா பண்ணினதைப் பார்க்கணுமே! வால் தாழ்ந்து அகலமா ஆடுச்சு, வாலோட சேர்ந்து இடுப்பு ஆடுச்சு, உடம்பே வளைஞ்சு வாழைப்பழம் மாதிரி ஆயிருச்சு. கண்ணு ரெண்டும் இடுங்கி, வாய் தொறந்து, நாக்கு ஒரு பக்கமா தொங்குச்சு. அவரு கையை நக்கி, மூஞ்சியை நக்கி, வாய்க்குள்ளயே நக்கப் போச்சு. எனக்கு மறுபடியும் பூரி ஞாபகம் வந்துச்சு.

"பிரியத்துக்கு வாலாட்டுறது இது," ன்னா அக்கா. "வீடியோவுல இருக்கதும் இதுவும் ஒண்ணா? கண்ணு தெரியுத எவனாவது சொல்லட்டும்."

கூட்டத்துல ஒரு முணுமுணுப்பு. ஜெயபாண்டி சிரிச்சுக்கிட்டே, "நாய் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்குமாம்மா?" ன்னாரு. நாலு பேரு தலையை ஆட்டினாங்க. மாயகிருஷ்ணனை மறுபடியும் வேலியோரம் உக்கார வச்சுட்டாங்க.

அக்கா மைனாவையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் என்னைக் கேட்டா.

"வெயிலு, இந்த வெயில்ல நீ எங்கன நிப்ப?"

"கலர்க் கடையில."

"நாய் எங்கன நிக்கணும்?"

அப்பதான் எனக்கு ஒறைச்சுது. கேமராவுக்கு எட்டாத மூலையில, வேப்பமர நெழல்ல கல்லுக் கட்டி ஓலை போட்ட கூடு இருக்கு. சங்கிலி அது வரைக்கும் எட்டும். ஆனா மைனா கொதிக்கிற கரிசல் தரையில காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு வெயில்ல நிக்குது. கூட்டுப் பக்கம் தலையைத் திருப்பாம, கண்ணை மட்டும் ஓட்டிப் பார்க்குது. கண்ணோரத்துல வெள்ளை முழி பிறை மாதிரி தெரியுது. முன்னங்கால் ஒண்ணு அந்தரத்துல தொங்குது.

"தன் வீட்டைப் பார்த்து நாயே பயப்படுது. அங்கன போனா அடி விழும்னு யாரோ புதுசாப் பழக்கியிருக்காங்க," ன்னா அக்கா மெதுவா. "ஏன் பழக்கினான்னு யோசி. அரிசிப் பானை வரைக்கும் தேடின ஊரு, எதுல கை வைக்கல?"

கூட்டுக்குள்ள கை விடப் போறது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"இருக்கா. அந்தத் தாடிக்காரன் பெல்ட்டைப் பார்த்தீங்களா? இடுப்புல கை வச்சான்ல வீடியோவுல?"

"அதையும்தான் பார்த்துருவோமே." அக்கா சண்முகராஜைக் கூப்பிட்டா. "தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க. அந்தப் பெல்ட்டைக் கழட்டி மாட்டுங்க."

"எதுக்கு?"

"ஒங்க நல்லதுக்கு."

அவன் மொறைச்சுக்கிட்டே வளையத்தைக் கழட்டினான். மைனா காதைத் தூக்கி, மறுபடியும் 'உர்ர்'ன்னுச்சு. மடங்கல, படுக்கல. தண்ணிச் சட்டி முன்னால வந்து நின்னுக்கிச்சு.

"உறுமுத நாய்க்குத் தைரியம் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். 'என் சட்டியைத் தாண்டாத'ங்குது, அவ்வளவுதான்," ன்னா அக்கா. என் கேசு புட்டுக்கிச்சு.

அக்கா அப்படியே ஜெயபாண்டி பக்கம் திரும்பி, மூஞ்சியெல்லாம் சிரிப்பா, "அண்ணாச்சி, நீங்க யூனியன் எலெக்சன்ல நிக்கீகளாமே? கோவில்பட்டியில எனக்குப் பத்திரிகைக்கார ஆளுக பழக்கம். ஒங்க கார்டு ஒண்ணு குடுங்களேன்," ன்னா.

மனுசன் மூஞ்சி பூத்துப் போச்சு. "அதுக்கென்னம்மா!" ன்னு இடுப்புல கை வச்சாரு. பச்சை பெல்ட்டோட பையில ப்ரஸ் பட்டன்.

'டப்'.

மைனா மடங்குச்சு. காது ஒட்டிருச்சு, வால் உள்ள போயிருச்சு, நாக்கு மூக்கை நக்குச்சு. மல்லாந்து, கட்டையா, செத்தது மாதிரி. கீழ கரிசல் மண்ணு நனைஞ்சு ஒரு கறுப்புத் திட்டு பரவுச்சு.

வேலிக்கு அங்கிட்டு சங்கரம்மாள்னு ஒரு பொம்பளை, கையில போனோட நின்னவ, கத்திப்புட்டா. "ஏ ஆத்தா! வீடியோவுல பண்ணினது மாதிரியே பண்ணுதே!"

கார்டை நீட்டின கை நீட்டினபடியே நின்னுச்சு.

"என்னம்மா வெளையாட்டு இது?" ன்னாரு ஜெயபாண்டி. "நாய் மூத்திரம் போறதெல்லாம் ஒரு சாட்சியா?"

"இல்லதான்," ன்னா அக்கா. "வெயிலு. கூடு."

போனேன். வேற என்ன செய்ய? முழங்கால் போட்டுக் குனிஞ்சேன். உள்ள ஈரச் சாக்கு. அழுகிப்போன எலும்பு. ஈ மூஞ்சியில மொய்க்குது. சாக்கைத் தூக்கினா பயறு பயறா உண்ணி ஊறுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, எங்கம்மா பேரைச் சொல்லிக்கிட்டுக் கையை விட்டேன். கல்லுச் சந்துல வழவழன்னு ஒரு பால் கவர் தட்டுப்பட்டுச்சு. இழுத்தேன். கவருக்குள்ள காளியம்மன் அட்டிகை மஞ்சளா மின்னிச்சு.

உமாதேவி 'அப்பா'ன்னு ஒரு சத்தம் போட்டா. மாயகிருஷ்ணன் அட்டிகையைப் பார்த்துக் கும்பிட்டாரு.

ஜெயபாண்டிக்கு இப்பவும் குரல் ஆடல. "பார்த்தீங்களா? கிடைக்காரன் எடுத்து இங்கன ஒளிச்சு வச்சிருக்கான்! நாய் அவன் குடுத்தது. அவன் கையை விட்டா கடிக்காதுல்லா?"

அந்த நிமிசம் எனக்கு ஐயோன்னு போச்சு. கூட்டத்துல பாதிப்பேரு மறுபடியும் மாயகிருஷ்ணனைப் பார்த்தாங்க. அந்தாளு சொன்னதுலயும் ஞாயம் இருக்குத மாதிரிதானே தெரியுது?

"எப்பா," ன்னான் சண்முகராஜ்.

எல்லாரும் திரும்பினாங்க. தாடிக்குள்ள அவன் வாய் கோணிக்கிட்டு இருந்துச்சு.

"முந்தாநாள் சாயந்தரம் நீங்க நாயை அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. ஏம்ப்பா அடிக்கீகன்னு கேட்டேன். கூட்டுல உண்ணி மருந்து வச்சிருக்கேன், அது உள்ள போகக் கூடாது, நீயும் போகாதன்னீங்க. உண்ணி மருந்து எங்கன இருக்கு? இந்தா பாருங்க, இவரு கை பூரா உண்ணிதானே ஊறுது?"

பார்த்தேன். ஊறிக்கிட்டுதான் இருந்துச்சு. கையை உதறினேன் பாருங்க ஒரு உதறு.

"அந்த மழைக்கோட்டு என்னது. போன வாரம் பைக்குல இருந்து நீங்கதான் எடுத்தீங்க. நான் வீடியோவைப் பார்த்தப்பவே... எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாருன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்." அவன் தரையில துப்பினான். "எலெக்சன் செலவுக்குச் சாமி நகையை எடுத்தீங்க. பழியை அந்த மனுசன் தலையில போட்டுட்டு, 'அவனை விட்டுருங்க'ன்னு வேற பேசுதீங்க. அசிங்கமா இருக்குப்பா."

அக்கா மைனா பக்கத்துல சைடு வாங்கி உக்கார்ந்து, விலாவுல மயிரை ஒதுக்கிக் காட்டினா. கறுப்பு மயிருக்குள்ள தடிப்பு தடிப்பா, அந்தப் பச்சை பெல்ட்டு அகலத்துக்கு. 'டப்'னு கேட்டா அடுத்து அடிதான்னு அது பழகியிருக்கு. சிலது பழசு. சிலது இன்னும் காயல, ஈ உக்கார்ந்திருந்துச்சு.

கேமரா ஓடணும், நாய் குரைக்காமப் படுக்கணும், ஊரு அதைப் பார்த்துக் கிடைக்காரனைக் கை காட்டணும். எல்லாம் வேணும்னே செஞ்சிருக்கான். ஆமா, 'செஞ்சிருக்கான்'தான். இனிமே அவனுக்கு என்ன 'ரு'?

யாரோ போலீசுக்குப் போன் போட்டாங்க. மாயகிருஷ்ணனுக்குக் காவல் நின்ன அதே ரெண்டு தடியனுக வந்து ஜெயபாண்டிக்கு ரெண்டு பக்கமும் நின்னானுக. அப்பவும் அவன் விடல. வேற வழி தெரியாம நாய்கிட்டயே போனான். "மைனா! மைனாக்குட்டி! பாருங்கய்யா, என்கிட்ட எவ்வளவு பிரியம்னு..." ன்னு கையைத் தட்டினான்.

மைனா மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிச்சு. பின்னங்கால் ரெண்டும் வெடவெடன்னு நடுங்குச்சு.

இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கல. கொஞ்சம் முன்னால நான் சிரிச்சேனேன்னு எனக்கு அருவருப்பா இருந்துச்சு. சங்கரம்மாள் சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிட்டா.

மாயகிருஷ்ணன் எந்திரிச்சாரு. ஊர்ப் பெரிய மனுசங்க ரெண்டு பேரு, "தப்பா நினைச்சுட்டோம்ப்பா, மனசுல வச்சுக்காத," ன்னு என்னமோ இழுத்தாங்க. அவரு அதைக் காதுலயே வாங்கல. அன்னைக்கு அவரு வாயில இருந்து வந்த மொதப் பேச்சு இதுதான்.

"நாயைக் குடுங்க."

குடுத்தவன் கேட்டுட்டான். பதில் பேச ஆளில்ல. சண்முகராஜ் போயி கழுத்துச் சங்கிலியைக் கழட்டினான். மைனா அவனைப் பார்த்து உறுமவே இல்ல.

"ரா, தல்லி. ரா," ன்னு மாயகிருஷ்ணன் தெலுங்குல, 'வா தாயி'ன்னு கூப்பிட்டாரு.

நடுவுல ஜெயபாண்டி நிக்கான். மைனா நேரா வரல. வேலியை ஒட்டி, தலையைத் தாழ்த்தி, அவனைச் சுத்தி ஒரு பெரிய வளையம் போட்டு வந்துச்சு. அவரு காலடிக்கு வந்ததும் நின்னு, மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் படபடன்னு ஒரு உதறு உதறிச்சு. மண்ணும் எச்சியும் உண்ணியும் என் மூஞ்சியில வந்து தெறிச்சுச்சு.

நான் வேலியோரம் ஓடிக் குனிஞ்சேன். எல்லாம் வெளிய வந்துருச்சு.

அக்கா முதுகைத் தட்டினா. "நாய் எச்சிக்கா இந்தப் பாடு?"

வாயைத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னேன். "இல்லக்கா. அந்தாளு குடுத்த கலரு."